இரண்டு மரக்கால்

பொன்விழாவுக்குக் கல்வெட்டு வைக்கிறார்களாம்.
"பத்து வரி போதும், அழகா எழுதிக் குடுங்க" என்றார் செயலாளர்.
பதினேழு வருடமாக இங்கே கணக்கு எழுதுகிறேன்,
வரலாறும் ஒரு கணக்குதானே என்ற நினைப்பு அவருக்கு.

முதல் வரி சுலபம்.
1926இல் பாமணியாற்றின் தென்கரையில்
பெரியபண்ணை ஐயாறப்பரால் இப்பங்களா கட்டப்பட்டது.
'ஆல்' உருபு எத்தனை பேரின் தலைச்சுமையைத் தாங்கும் என்று
பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தரவில்லை.
செங்கல்லுக்கு மண் வெட்டிய இடம் மட்டும் தெரியும்:
மழை பெய்தால் கார்கள் சிக்கிக்கொள்ளும் அந்தப் பள்ளம்.

இரண்டாம் வரிக்காக இரும்புப்பெட்டியைத் திறந்தேன்.
கரையான் மிச்சம் வைத்த கூலிப்பேரேடு.
காத்தமுத்து, வரவில்லை, பிடித்தம் அரை மரக்கால்.
காத்தமுத்து, வரவில்லை, பிடித்தம் அரை மரக்கால்.
காத்தமுத்து, இறப்பு, பிடித்தம் இல்லை.
முத்து முத்தான கையெழுத்து.

பாரில் ஐஸ் கொட்டி வைக்கும் பித்தளைப் பாத்திரம்
பண்ணையின் மரக்கால்.
அதன் ஜோடி வரவேற்பறையில்
பிளாஸ்டிக் பூவோடு நிற்கிறது.
மன்றம் மூடியிருந்த ஒரு திங்கட்கிழமை
பார்மேன் ஜோதிராமனும் நானும்
அறுபது மில்லி அளவையால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம்.
பூ நிற்பதில் எழுபது பெக்.
ஐஸ் நிற்பதில் எண்பத்து மூன்று.
இரண்டின் வயிற்றிலும் ஒரே முத்திரை, ஒரே எண்.
பெரியது குத்தகை வாங்க,
சின்னது கூலி போட.
ஜோதிராமன் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு சொன்னான்:
"நான்கூட பெக்குக்கு அஞ்சு மில்லிதான் சார் குறைப்பேன்."

பண்ணையாள் சட்டம் வந்த வருடத்தோடு பேரேடு நின்றுவிடுகிறது.
உச்சவரம்பு வந்தபோது நிலம் பல பெயர்களில் ஏறியது:
சமையல்காரர், வண்டிக்காரர், மூன்று மருமகன்கள்,
அப்புறம் ராஜா என்று ஒருவர், தகப்பன் பெயர் இல்லை,
நாலே கால் ஏக்கர் நஞ்சை.
பங்களாவுக்குப் பின்னால் ராஜாவுக்குச் சமாதி இருக்கிறது.
சலவைக்கல்லில் காதைத் தூக்கியபடி படுத்திருக்கிறது.

1974இல் பதினோரு பேர்,
வக்கீல்கள், அரிசி ஆலைக்காரர்கள், ஒரு தாசில்தார்,
மாதம் முந்நூறு ரூபாய் வாடகைக்குப் பிடித்து
மனமகிழ் மன்றம் என்று பதிந்தார்கள்.
இன்றைக்கு உள்ளே வர நாலு லட்சம்.
நெல் அடித்த களம் நீச்சல்குளம்;
மேட்டூர் திறக்காத வருடத்திலும்
இருநூற்று நாற்பது அடிக்குக் கீழேயிருந்து
நீலமாக நிரம்பிவிடும்.
வேட்டிக்கு அனுமதியில்லை என்றொரு பலகை இருந்தது,
சட்டம் வந்து கழற்றினோம்.
அதுவரை வேட்டியோடு உள்ளே இருந்தவர்
படத்தில் இருக்கும் ஐயாறப்பர் மட்டும்.

எட்டாம் வரியில் மாட்டிக்கொண்டேன்.
'அனைவரையும் வரவேற்கும்' என்று ஆரம்பித்துவிட்டு
2016ஆம் வருடக் கோப்பை எடுத்தேன்.
டாக்டர் தமிழ்க்கொடி, மயக்கமருந்து நிபுணர்,
சொந்த ஊர் பெரியபண்ணைக் காலனி.
வெள்ளைக் கோலி சரி, கறுப்புக் கோலி வேண்டாம்.
பெட்டியைக் கவிழ்த்து எண்ணியவன் நான்.
ஒன்பது வெள்ளை, இரண்டு கறுப்பு.
விதிப்படி ஒரு கறுப்பே போதும்.
தீர்மானப் புத்தகத்தில் 'பரிசீலனையில்' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
என் கையெழுத்தும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது.
அவர் கட்டிய இருபத்தையாயிரம் முன்பணத்தை
ஒவ்வொரு மார்ச்சிலும்
நிலுவை என்று அடுத்த வருடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

பத்து வரியும் கொடுத்தேன்.
செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.
கடைசி வரி: இம்மன்றத்தில் இரண்டு மரக்கால்கள் உள்ளன.
"என்ன சார் இது, சாமான் பட்டியலா?"
ஆமாம் என்றேன்.
"எழுத்துக்கு நாப்பது ரூபா கேக்குறான் கல்லு வெட்டுறவன்"
என்று அதை மட்டும் அடித்துவிட்டு
ஐஸுக்குக் குரல் கொடுத்தார்.